ஜே.பி. ஜெயரத்தினம்: நீதிபதி வேலையை விட்டு எதிர்க்கட்சிக்கு வந்தவர் – முழு வாழ்க்கையையும் பேசுவோமா?

நூலகமேசை (இழை தொடக்கம்)

சிங்கப்பூர் அரசியல் இழைகளில் ஜெயரத்தினத்தின் பெயர் வந்தாலே "அவதூறு வழக்கு, திவால், பாவம் மனுசன்" என்று பேச்சு முடிந்துவிடுகிறது. அவர் வாழ்க்கை அதைவிடப் பெரியது. அதனால்தான் இந்தத் தனி இழை.

முதலில் அடிப்படை விவரங்கள். 1926 ஜனவரி 5 அன்று யாழ்ப்பாணத்துச் சங்கானையில் பிறந்தார். வளர்ந்தது மலாயாவில், மூவாரிலும் ஜொகூர் பாருவிலும். லண்டனில் சட்டம் படித்து 1951-ல் பாரிஸ்டர் ஆனார். அடுத்த வருடம் சிங்கப்பூர் சட்டச் சேவையில் சேர்ந்தார். மாஜிஸ்திரேட், அரசுத் தரப்பு வழக்குரைஞர், உச்ச நீதிமன்றப் பதிவாளர் என்று ஏறி 'முதல் மாவட்ட நீதிபதி' என்ற பதவி வரை போனார். 1963-ல் அந்த வேலையை விட்டுவிட்டுத் தனியாக வழக்காட வந்தார்.

1971-ல் பாட்டாளிக் கட்சியின் தலைமைச் செயலாளர் ஆனார். 1957-ல் அந்தக் கட்சியைத் தொடங்கிய டேவிட் மார்ஷலும் வழக்குரைஞர்தான். ஆனால் ஜெயரத்தினம் கைக்கு வந்தபோது கட்சி பெயரளவில்தான் இருந்தது. 1968 தேர்தலிலிருந்து நாடாளுமன்றத்தின் அத்தனை இடங்களும் மக்கள் செயல் கட்சியிடம். அந்த நிலையில் 1972, 1976, 1977, 1979, 1980 என்று ஐந்து முறை நின்றார், ஐந்து முறையும் தோற்றார். ஆறாவது முறை, 1981 அக்டோபர் 31 அன்று ஆன்சன் இடைத்தேர்தலில் 653 வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

அந்த 653 வாக்குகள் சிங்கப்பூர் நாடாளுமன்றத்தின் அமைப்பையே மாற்றின என்பது என் எண்ணம். அவருடைய தோல்விகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இது கண்ணில் படாது. உங்கள் கருத்துகளைச் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் ராசு

நல்ல இழை தம்பி. ஆன்சனைப் பற்றிக் கொஞ்சம் சேர்க்கிறேன்.

அது துறைமுகத்தை ஒட்டிய தொகுதி. தேவன் நாயர் அதிபர் ஆனதால் காலியானது. 1980 பொதுத்தேர்தலில் அவர் பெரிய வித்தியாசத்தில் வென்ற இடம், அதனால் ஆளும் கட்சிக்கு அங்கே பயமே இல்லை. ஒரு புதுமுகத்தை நிறுத்தினார்கள். ஆனால் பிளேர் பிளேன் பக்கம் துறைமுக ஆணையத்தின் குடியிருப்புகளில் இருந்தவர்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலையில் இருந்தார்கள். மாற்று வீடு பற்றி அவர்களுக்குப் பெரிய மனக்குறை. ஜெயரத்தினம் வீடு வீடாக ஏறி இறங்கினார். முடிவு 7,012-க்கு 6,359. மூன்றாவதாக நின்றவருக்கு 131.

இன்னொன்று. 1961-ல் மார்ஷல் பாட்டாளிக் கட்சி சார்பில் வென்றதும் இதே ஆன்சன் இடைத்தேர்தலில்தான். இருபது வருடம் கழித்து அதே கட்சி, அதே தொகுதி, மறுபடியும் ஒரு வழக்குரைஞர்.

1984-லும் ஆன்சன் அவரைக் கைவிடவில்லை. கிட்டத்தட்ட 57 விழுக்காடு வாக்கு. முதல் வெற்றி வெறும் கோப ஓட்டு என்று சொன்னவர்களுக்கு அந்தத் தொகுதி மக்களே பதில் சொல்லிவிட்டார்கள்.

வடலி

எங்கட சங்கானைப் பக்கத்து ஆள் ஒருவர் சிங்கப்பூரில் இப்படி நின்றார் என்று சின்ன வயதில் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். எனக்கு ஒரு கேள்வி. அவர் தமிழருக்காக என்ன செய்தவர்? தமிழர் பிரதிநிதியாக அவரைப் பார்க்கலாமா?

நூலகமேசை

வடலி, உங்கள் பெருமை புரிகிறது. ஆனால் அவர் தமிழர் பிரதிநிதியாக ஒரு நாளும் வாக்குக் கேட்கவில்லை. ஆங்கிலிக்கன் கிறிஸ்தவர், ஆங்கிலக் கல்வி பெற்றவர், மனைவி ஆங்கிலேயர். சிங்கப்பூரர் என்ற ஒரே அடையாளத்தில்தான் அரசியல் செய்தார். அவர் பேசியவை ஆள் தூக்கிச் சிறையில் போடும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், நீதித்துறையின் சுதந்திரம், பேச்சுரிமை, ஏழைகளுக்கான உதவி. இவை எந்த ஒரு இனத்துக்கும் சொந்தமான விஷயங்கள் அல்ல.

ஆன்சனில் பெரும்பான்மையினர் சீனர்கள். அவர்கள் சங்கானையில் பிறந்த ஒரு தமிழ்க் கிறிஸ்தவரை, ஆளும் கட்சியின் சீன வேட்பாளரை விட்டுவிட்டு, இரண்டு முறை தேர்ந்தெடுத்தார்கள். எனக்கு இதுதான் பெரிய செய்தி.

அவ்வை_வக்கீல்

சென்னையில் வழக்குரைஞராக இருக்கிறேன். கட்சிக் கணக்கு தொடர்பாக அவர்மீது போட்ட வழக்கை நன்றாகப் படித்திருக்கிறேன். பொதுவாக அதைக் குழப்பியே எழுதுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாட்டாளிக் கட்சி ஆளும் கட்சி எம்.பி. ஒருவர்மீது அவதூறு வழக்குப் போட்டுத் தோற்றது. எதிராளியின் வழக்குச் செலவைக் கட்சி கொடுக்க வேண்டும். அந்தச் சமயத்தில் கட்சிக்கு நன்கொடையாக வந்த சில காசோலைகளை, கடன்காரருக்குப் போய்ச் சேராதபடி வேறு பக்கம் திருப்பினார்கள், கட்சிக் கணக்கைப் பற்றிப் பொய் உறுதிமொழி கொடுத்தார்கள் என்று ஜெயரத்தினத்தின் மீதும் கட்சித் தலைவர் வோங் ஹோங் டோய் மீதும் குற்றச்சாட்டு. தொகை பெரிதல்ல, சில ஆயிரம் வெள்ளி.

1984 ஜனவரியில் மூத்த மாவட்ட நீதிபதி மைக்கேல் கூ ஒரு குற்றச்சாட்டைத் தவிர மற்றவற்றிலிருந்து இருவரையும் விடுவித்தார். அரசுத் தரப்பு மேல்முறையீடு செய்தது, மறுவிசாரணை நடந்தது, இம்முறை தண்டனை. 1986 நவம்பரில் உயர் நீதிமன்றம் அதை ஒரு மாதச் சிறை, 5,000 வெள்ளி அபராதம் என்று முடிவு செய்தது. அரசமைப்புச் சட்டப்படி அன்றைக்கு 2,000 வெள்ளியும் அதற்கு மேலும் அபராதம் வாங்கினாலே எம்.பி. பதவி போய்விடும், ஐந்து வருடம் தேர்தலிலும் நிற்க முடியாது. ஆன்சன் அவர் கையை விட்டுப் போனது இப்படித்தான். 1987-ல் வழக்குரைஞர் பட்டியலிலிருந்தும் பெயரை எடுத்தார்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம். அந்தக் குற்றத் தீர்ப்பை எதிர்த்து அவரால், அன்றைக்குச் சிங்கப்பூருக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போக முடியவில்லை. ஆனால் பட்டியலிலிருந்து பெயர் நீக்கியதை எதிர்த்துப் போக முடிந்தது. குற்றத் தீர்ப்பைக் காரணம் காட்டித்தானே பெயரை நீக்கினார்கள்? அதனால் பிரிவி கவுன்சில் அந்தக் குற்றத் தீர்ப்பையும் அலச வேண்டி வந்தது. 1988 அக்டோபரில் அது சொன்னது: இவர்களுக்குக் கொடிய அநீதி இழைக்கப்பட்டுள்ளது, செய்யாத குற்றத்துக்கு அபராதமும் சிறையும் பொது அவமானமும் அனுபவித்திருக்கிறார்கள். வழக்காடும் உரிமை திரும்பக் கிடைத்தது.

ஆனால் எம்.பி. பதவி? தண்டனையை ரத்து செய்யும் அதிகாரம் பிரிவி கவுன்சிலுக்கு இந்த வழக்கில் இல்லை. அதிபரிடம் மன்னிப்புக் கேட்டு விண்ணப்பித்தார், அமைச்சரவை ஆலோசனைப்படி அது மறுக்கப்பட்டது. ஒரு மேல் மன்றம் "இவர் குற்றவாளி அல்ல" என்கிறது, சட்டப் புத்தகத்தில் அவர் குற்றவாளியாகவே இருக்கிறார். அந்தத் தீர்ப்பை வாசிக்கும்போது எனக்கு இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

அடுத்த வருடமே வழக்குரைஞர் ஒழுங்கு நடவடிக்கைகளில் பிரிவி கவுன்சில் மேல்முறையீட்டை நிறுத்திச் சட்டம் வந்தது. 1994-ல் பிரிவி கவுன்சில் தொடர்பே முற்றிலும் போனது.

கிழக்குக்கரை

அவ்வை அக்கா விளக்கம் அருமை. கணக்கு வழக்கில் அவருக்கு அநீதி நடந்தது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை.

ஆனால் அவதூறு வழக்குகள் வேறு கதை. 1976 தேர்தல் மேடையில் அன்றைய பிரதமர் லீ குவான் இயூவைப் பற்றிப் பேசியதற்கு வழக்கு: 130,000 வெள்ளியும் செலவும். பிரிவி கவுன்சில் வரை போனார், 1982-ல் அங்கும் தோற்றார். அதாவது இதே லண்டன் மன்றம்தான், அவருக்கு எதிராகவும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 1988-ல் மறுபடியும் மேடைப்பேச்சு, மறுபடியும் லீயின் வழக்கு, 260,000 வெள்ளி. 1997-ல் இன்னொன்று. நீதிபதியாக இருந்த மனிதருக்கு எந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாதா?

சியாம் சீ டோங்கைப் பாருங்கள். அவரும் வழக்குரைஞர். 1984-ல் போத்தோங் பாசிரில் வென்றார், 2011 வரை அந்தத் தொகுதியை வைத்திருந்தார். சொல்லை அளந்து பேசினார், தொகுதி வேலையைப் பார்த்தார், நிலைத்தார். ஜெயரத்தினத்தின் நாடாளுமன்றக் காலம் இரண்டு முறையும் பாதியில் முடிந்தது. கட்சிக்கு வந்த நட்டத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

நூலகமேசை

> நீதிபதியாக இருந்த மனிதருக்கு எந்தச் சொல் எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரியாதா?

தெரியும் என்றுதான் நினைக்கிறேன். 1997-ல் என்ன பேசினார் என்று பாருங்கள். செங் சான் குழுத்தொகுதியில் (பலர் ஒரே அணியாக நிற்கும் தொகுதி) அவரும் தாங் லியாங் ஹோங்கும் ஒரே அணி. கடைசிக் கூட்டத்தில், அன்றைய பிரதமர் கோ சோக் தோங்குக்கும் அவருடைய ஆட்களுக்கும் எதிராகத் தாம் கொடுத்த இரண்டு போலீஸ் புகார்களைத் தாங் தன் முன்னால் வைத்திருக்கிறார் என்று கூட்டத்தினரிடம் சொன்னார். பேச்சு அவ்வளவே. புகாரில் என்ன இருக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. இதற்கு வழக்கு. லண்டனிலிருந்து ஜார்ஜ் கார்மன் வந்து இவருக்காக வாதாடினார். உயர் நீதிமன்றம் 20,000 வெள்ளி கொடுக்கச் சொன்னது. மேல்முறையீட்டில் அது 100,000 ஆனது.

இந்த வாக்கியத்தையும் எவ்வளவு அளந்து பேச முடியும் கிழக்குக்கரை?

கிழக்குக்கரை

1997 வழக்கு கடுமையானது, ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி அதற்கு முந்தைய இருபது வருடத்தைப் பற்றியது. எதிர்க்கட்சிக்கு இருப்பதே ஓரிரு குரல்கள். அந்தக் குரல் நிலைத்து நிற்பதும் ஒரு கடமை இல்லையா?

தெம்பனிஸ் ராசு

கிழக்குக்கரை தம்பி, சியாம் மேல் எனக்கும் பெரிய மரியாதை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. சியாம் 1984-ல் வந்தார். அதற்கு முன் மூன்று வருடம் அந்த அவையில் எதிர்ப்பக்கத்தில் இருந்தவர் இவர் ஒருவர்தான். முதலில் காட்டுக்குள் போய்ப் பாதை வெட்டுகிறவனுக்கு உடம்பெல்லாம் கீறல் இருக்கும். பின்னால் வருகிறவர் நிதானமாக நடக்கலாம்.

அப்போது பொது இடத்தில் எதிர்க்கட்சிக்காரரோடு கை குலுக்கவே ஆட்கள் யோசிப்பார்கள். அரசாங்க வேலையில் இருந்தவர்கள் வாக்குச்சீட்டில் வரிசை எண் இருக்கிறதே என்று பயப்படுவார்கள். அந்தப் பயத்தை ஆன்சன் கொஞ்சம் உடைத்தது. என் வயதுக்காரர்களுக்கு அது தெரியும்.

செந்தோசா_மலர்

யாருமே தமிழ் மொழி வாரம் வழக்கைச் சொல்லவில்லையே? நம் மன்றத்தில் அதைப் பேசாமல் போகக் கூடாது.

அவரைத் திவாலாக்கியது லீயின் வழக்கோ கோவின் வழக்கோ அல்ல. பாட்டாளிக் கட்சியின் 'சுத்தியல்' இதழில் 1995-ல் ஒரு தமிழ்க் கட்டுரை வந்தது. தமிழ் மொழி வாரத்தை நடத்தியவர்கள் அரசாங்கத்துக்குத் தலையாட்டுகிறவர்கள் என்பதுபோல் அதில் எழுதியிருந்தது. ஏற்பாட்டுக் குழுவினரும் ஆளும் கட்சியின் தமிழ் எம்.பி. ஒருவரும் வழக்குப் போட்டார்கள். இதழின் ஆசிரியர் என்ற முறையில் ஜெயரத்தினம் பொறுப்பேற்க வேண்டி வந்தது. இழப்பீடு லட்சக்கணக்கில். தவணையில் கட்டிக்கொண்டிருந்தார். ஒரு தவணை தாமதமானது. 2001-ல் நொடித்தவர் என்று அறிவித்தார்கள். 1997 தேர்தலில் தோற்றபின் அவருக்குக் கிடைத்திருந்த தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் பதவி போனது, வழக்காடும் உரிமையும் போனது.

கட்டுரையில் எழுதியது சரி என்று நான் சொல்லவில்லை. மொழிக்காகத் தங்கள் நேரத்தைக் கொடுத்து உழைத்தவர்களைக் கைப்பாவை என்றால் யாருக்கும் வலிக்கும், அவர்கள் நீதிமன்றம் போக உரிமை உண்டு. ஆனால் தமிழ்ச் சமூகத்துக்குள் ஒரு மன்னிப்பு, ஒரு மறுப்புக் கட்டுரை என்று முடிந்திருக்க வேண்டிய விஷயம் இது. எழுபத்தைந்து வயது மனிதரின் பதவியும் பிழைப்பும் போகும் வரை அது இழுத்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வேதனைதான்.

வடலி

இது எனக்குப் புதுச் செய்தி. சிங்கப்பூர் நாடாளுமன்றத்தில் தமிழ் ஆட்சிமொழி. அந்தத் தமிழ் பற்றிய ஒரு வாரத்தினால் இப்படி நடந்ததா? மனம் கனக்கிறது.

அவ்வை_வக்கீல்

மலர் சொன்னதில் ஒரு சட்ட நுணுக்கம். அவதூறு வழக்கில் எழுதியவர் மட்டுமல்ல, பதிப்பித்தவரும் ஆசிரியரும் பொறுப்பு. கட்சிகளுக்கு இதில் பெரிய ஆபத்து இருக்கிறது. பணமோ முழுநேர ஊழியர்களோ இல்லாத சின்னக் கட்சியில் பத்திரிகையை வரிக்கு வரி சரிபார்க்க ஆள் ஏது? தலைவர் பெயர்தான் ஆசிரியர் பெயராகவும் இருக்கும். பெரிய கட்சிக்கு இந்தச் சங்கடம் வருவதே இல்லை.

ஹவ்காங்_இளவல்

இழை தொடங்கியவர் "நாடாளுமன்றத்தின் அமைப்பையே மாற்றின" என்று எழுதியிருந்தீர்களே, அதை விளக்குங்கள் ஐயா. பள்ளியில் எங்களுக்குக் குழுத்தொகுதி சிறுபான்மையினருக்காக வந்தது என்றுதான் சொல்லிக்கொடுத்தார்கள்.

நூலகமேசை

இரண்டு விஷயம் தம்பி.

1984-ல் தொகுதியில்லா நாடாளுமன்ற உறுப்பினர் திட்டம் வந்தது. தோற்ற எதிர்க்கட்சியினரில் அதிக வாக்கு வாங்கியவரை அவைக்குள் எடுத்துக்கொள்வது. எதிர்க்குரல் வேண்டும் என்று மக்கள் விரும்புகிறார்கள் என்பதை ஆன்சன் காட்டியது. அந்த விருப்பத்துக்கு, ஆளும் கட்சி ஒரு தொகுதியையும் இழக்காமல் வழி செய்யும் ஏற்பாடு இது என்பது என் கணிப்பு. பாட்டாளிக் கட்சி அப்போது இதைக் கடுமையாக எதிர்த்தது. அந்த வருடத் தேர்தலுக்குப் பிறகு கட்சிக்காரருக்கு இந்த இடம் தேடி வந்தபோது வேண்டாம் என்றார்கள்.

1988-ல் குழுத்தொகுதி. மூன்று பேர் அணியாக நிற்க வேண்டும், ஒருவர் சிறுபான்மை இனத்தவராக இருக்க வேண்டும். வாக்காளர்கள் தம் இனத்தவருக்கே வாக்களிக்கிறார்கள், சிறுபான்மையினர் வெல்வது கடினமாகிவிடும் என்பது அரசு சொன்ன காரணம். அதற்கு நான்கு வருடம் முன்புதான் ஒரு சிறுபான்மையினர் சீனப் பெரும்பான்மைத் தொகுதியில் தனியாக நின்று இரண்டாவது முறை வென்றிருந்தார். குழுத்தொகுதி வந்ததும் சின்னக் கட்சிக்கு மூன்று வேட்பாளர், மூன்று பேருக்கும் வைப்புத்தொகை என்று எல்லாம் ஏறியது. பிறகு அணியின் அளவு நான்கு, ஐந்து, ஆறு என்று பெரிதானது.

கிழக்குக்கரை

ஒருவர் வென்றதை வைத்து இனவாக்கு இல்லை என்று சொல்ல முடியாது. மலாய் வேட்பாளர்களின் நிலை வேறு. அதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அப்புறம் ஒன்று. கட்சி எதிர்த்த அதே தொகுதியில்லா உறுப்பினர் இடத்தைத்தானே 1997-ல் அவரே ஏற்றுக்கொண்டார்?

நூலகமேசை

ஏற்றார். செங் சானில் 45 விழுக்காடு வாங்கித் தோற்றபின் அந்த இடம் வந்தது, எடுத்துக்கொண்டார். கட்சியின் நிலைப்பாடு அதற்கு முன்பே தளர்ந்துவிட்டது. 1988-க்குப் பிறகு டாக்டர் லீ சியூ சோ அந்த இடத்தில் அமர்ந்திருந்தார். எனக்கு அவர் ஏற்றதில் குறை தெரியவில்லை. தடையில் இருந்தவருக்கு அவைக்குள் போய்ப் பேச ஒரு வழி கிடைத்தது. அந்தத் தடையின் கணக்கைப் பாருங்கள்: 1986 நவம்பரிலிருந்து ஐந்து வருடம். பொதுத்தேர்தல் 1991 ஆகஸ்ட் 31 அன்று வந்தது. இரண்டே மாதம் சொச்சத்தில் அந்தத் தேர்தலும் அவர் கையை விட்டுப் போனது. லோ தியா கியாங் ஹவ்காங்கில் முதன்முதலில் வென்றது அந்தத் தேர்தலில்தான்.

தெம்பனிஸ் ராசு

கடைசிக் காலத்தையும் எழுதிவிடுங்கள். 2001-ல் லோ தலைமைக்கு வந்தார். கசப்போடு ஜெயரத்தினம் கட்சியை விட்டே வெளியேறினார். முப்பது வருடம் தூக்கிச் சுமந்த கட்சி. யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல மாட்டேன், கடன் சுமையில் இருந்த கட்சிக்கும் அதன் சங்கடம் இருந்தது. ஆனால் அந்தப் பிரிவு நடந்திருக்கக் கூடாது.

அப்புறம் பல வருடம் எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் தன் புத்தகங்களை விற்றுக்கொண்டு நிற்பார். கோட்டும் டையும் போட்டுக்கொண்டுதான் நிற்பார். நானும் வாங்கியிருக்கிறேன். விலைக்கு மேல் கொடுத்தால் மீதியைச் சரியாக எண்ணிக் கொடுப்பார்.

2007-ல் 233,000 வெள்ளிக்கு மேல் கட்டி நொடிப்பு நிலையிலிருந்து வெளியே வந்தார். மறுபடி வழக்காடத் தொடங்கினார். 2008 ஜூலையில், 82 வயதில், சீர்திருத்தக் கட்சி என்று புதுக் கட்சி! மூன்று மாதத்துக்குள், செப்டம்பர் 30 அன்று, இதயம் நின்று போய்விட்டார். மூத்த மகன் கென்னத் பிறகு அந்தக் கட்சிக்குத் தலைமை ஏற்றார். இளையவர் பிலிப் மூத்த வழக்குரைஞராக இருந்து உயர் நீதிமன்ற நீதிபதி ஆனார்.

கிழக்குக்கரை

82 வயதில் புதுக் கட்சி தொடங்கிய அந்த மன உறுதிக்கு நானும் தலை வணங்குகிறேன் அண்ணே. ஆனாலும் பாட்டாளிக் கட்சி 2011-ல் அல்ஜுனிட் குழுத்தொகுதியை வென்றது லோவின் நிதானமான வழியில். அந்த மதிப்பீட்டில் நான் மாறவில்லை.

செந்தோசா_மலர்

அந்த 2011 அணியில் சில்வியா லிம், பிரித்தம் சிங் எல்லாரும் இருந்தார்கள். சட்டம் படித்தவர்கள் எதிர்க்கட்சிக்கு வருவது இன்று சாதாரணம். 1971-ல் நீதிபதியாக இருந்த ஒருவர் வருவது சாதாரணமாக இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு வழியும் தேவைப்பட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அவ்வை_வக்கீல்

ஒரு கூடுதல் தகவல். பதவியைப் பறிக்கும் அந்த அபராத வரம்பு 2,000 வெள்ளியாகவே பல பத்தாண்டுகள் இருந்தது. 2022-ல்தான் 10,000 ஆக்கினார்கள். 1986-ல் இந்த வரம்பு இருந்திருந்தால் 5,000 அபராதத்தோடு ஜெயரத்தினம் ஆன்சன் உறுப்பினராகவே தொடர்ந்திருப்பார். அவருடைய சிறைத் தண்டனை தகுதிநீக்கத்துக்குத் தேவையான ஒரு வருடத்துக்கு மிகக் குறைவு.

ஹவ்காங்_இளவல்

இதெல்லாம் நேரடியாக எங்கே வாசிக்கலாம்? கட்டுரைகள் வேண்டாம், அவர் பேசியதே வேண்டும்.

நூலகமேசை

நாடாளுமன்ற விவாதப் பதிவுகள் நாடாளுமன்றத்தின் இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. 1982-லிருந்து 1986 வரை அவர் பெயரைப் போட்டுத் தேடு. வரவு செலவுத் திட்ட விவாதங்களை முதலில் எடு, அமைச்சர்களோடு நேருக்கு நேர் மோதுவது அதில்தான் அதிகம். பிறகு 1988 பிரிவி கவுன்சில் தீர்ப்பு. நீளமில்லை, ஒரே மூச்சில் படித்துவிடலாம். சட்டச் சொல் புரியாவிட்டால் இங்கேயே கேள், அவ்வை அக்கா இருக்கிறார்.